தண்ணீர் கொடுத்த தெரு

பத்து நாற்பத்தைந்துக்குத்தான் வண்டி என்று தெரிந்தும் ஒன்பதரைக்கே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் இருந்தால் பட்டம்மாளின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள், முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவாள். இப்போது வருகிற அரிசியில் கல்லே கிடையாது, அது அவளுக்கும் தெரியும், ஆனாலும் பொறுக்குவாள், நாற்பத்தாறு வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள், அது எனக்காகச் செய்வது. இந்த சிமெண்டு பெஞ்சு பரவாயில்லை. திருநின்றவூர் ஸ்டேஷனில் இந்த நேரத்தில் கூட்டம் இல்லை, ஆபீஸ் போகிறவர்கள் எல்லாம் போயாயிற்று, கொய்யாப்பழக்காரி மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறாள். வரப்போகிற வண்டியில் என் தம்பி கஜபதி வருகிறான். அவனுடைய பெண் சுகந்தி கூட்டிக்கொண்டு வருகிறாள். பதினாலு வருஷமாக நான் அவனோடு பேசவில்லை. இனிமேல் நான் பேசினாலும் அவன் பேச முடியாது, போன வருஷம் வந்த வாதத்தில் வலது கையும் காலும் வாயும் இழுத்துக்கொண்டுவிட்டன, இரண்டு மூன்று வார்த்தைதான் மிச்சம் என்று சுகந்தி போனில் சொன்னாள், ஆமா, வேணா, அப்புறம் சுகி. சுகி என்றால் அவள். அந்த மூன்றில் அண்ணன் இல்லை. இல்லாமல் போனது நல்லதுதான் என்று போனை வைத்த பிறகு நினைத்தேன், நினைத்தவுடனே வலது தோள் சுரீர் என்றது, சிலிண்டர் தூக்கிய தோள், வேண்டாத நேரத்தில்தான் அது தன்னைக் காட்டிக்கொள்ளும். அவர்களுக்கு நான் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். அதை இன்றைக்குக் காட்ட வேண்டும், பிடித்துவிட்டால் இன்றைக்கே சாவி. பிடிக்காமல் போகாது. நான் எதைக் காட்டினாலும் சுகந்தி சரி என்பாள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் முதல்முதலாகக் கூப்பிட்டபோது யாரோ பாங்கிலிருந்து என்று நினைத்து வைக்கப் போனேன். பெரியப்பா, நான் சுகந்தி என்றாள். என் கைதான் போனை வைக்கவில்லை, நான் இல்லை. வேலை பிலாயிலிருந்து சென்னைக்கு மாற்றல் ஆகிறது, வீட்டுக்காரர் பின்னால் சாமான்களோடும் பிள்ளையோடும் வருவார், நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் அப்பா பகலெல்லாம் தனியாக இருப்பார், அதனால் ஒரு நல்ல இடமாகப் பார்க்க வேண்டும் என்றாள். நல்ல இடம் என்றால் எப்படி என்று கேட்டேன். எனக்குத் தெரியாததா, அவள் வாயால் வரட்டும் என்று கேட்டேன். பந்தாவான இடம் வேண்டாம், லிஃப்ட் வேண்டாம், பூங்கா வேண்டாம். அப்பா வாசலில் சேர் போட்டு உட்கார்ந்தால் போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும், பதில் வராவிட்டாலும் கேட்க வேண்டும், அவ்வளவுதான் பெரியப்பா என்றாள். வடக்கே வளர்ந்த பெண், தமிழ் கொஞ்சம் இடறுகிறது, ஆனால் கேட்டது சுத்தமாகக் கேட்டாள். நீங்கள் முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாகப் போனவர், உங்களுக்குத் தெரியாத தெருவா என்றும் சொன்னாள். அது நிஜம். எனக்கு ஒரு ஊரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சமையல்கட்டு வரைக்கும் போய்த் தெரிந்துகொண்டது. கேஸ்காரன் வருகிறான் என்று தெரிய ஸ்பேனரால் சிலிண்டரை இரண்டு தட்டுத் தட்டுவேன், அந்தச் சத்தத்துக்கு ஒரு வீட்டுக் கதவு எப்படித் திறக்கிறது என்பதை வைத்தே சொல்லிவிடுவேன். சில வீட்டில் கதவு முன்னாலேயே திறந்திருக்கும். சில வீட்டில் சந்து வழியாகப் பின்பக்கம் வா என்று குரல் மட்டும் வரும், ஆள் வராது. முப்பது கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு சந்தில் திரும்புகிறவனுக்கு அந்த வீட்டுக்காரர்களைப் பற்றி வேறு எதுவும் தெரிய வேண்டாம். தண்ணீர் கேட்டால் எதில் கொடுக்கிறார்கள், கொடுக்கிறார்களா, அதையும் தெரிந்துகொண்டால் போதும், எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நான் அப்படித்தான் சொன்னேன். கண்ணைத் திறந்துகொண்டே சொன்னேன். சந்திரா கார்டன் என்று சொன்னேன்.

சந்திரா கார்டன் நல்ல இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், ஒரு குப்பை கிடையாது. அமைதியான இடம்மா என்று நான் சுகந்தியிடம் சொன்னது பொய் இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தத் தெருவில் நின்றால் நம்முடைய செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். போன வாரம் அங்கே பதினாறாம் நம்பர் கீழ்வீடு காலியாக இருந்தது, கேட்டில் நின்று பெல் அடித்தேன், மாடியிலிருந்து வீட்டுக்காரர் சுவரில் இருந்த பெட்டி வழியாகப் பேசினார், முகத்தைக் காட்டவில்லை. யார் யார் இருப்பார்கள் என்று கேட்டார். சொன்னேன். பேஷண்ட் என்றால் சத்தம் போடுவாரா, ராத்திரியில் கத்துவாரா என்று கேட்டார். அவருக்குப் பேச்சே வராது சார், சத்தமே இருக்காது என்றேன். அப்படியே சொன்னேன். ஒரு பொருளை விற்கிறவன் அதன் நல்ல குணத்தைச் சொல்கிறமாதிரி சொன்னேன். அப்படியானால் பரவாயில்லை என்றது பெட்டி. திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, அதை மறைக்க முடியாது. உட்காரட்டும், அவனும் கொஞ்ச நாள் வாசலில் உட்கார்ந்து யாராவது தன் பெயரைச் சொல்கிறார்களா என்று பார்க்கட்டும், அது எப்படி இருக்கும் என்று தெரியட்டும். பட்டம்மாள் ஒரே ஒரு தடவை கேட்டாள், எங்கே பார்த்திருக்கிறாய் என்று. சொன்னேன். “ஏன், உன் தம்பி நாய் வளக்கறதுக்கு எடம் கேட்டானா?” என்றாள். அதற்கு அப்புறம்தான் முறம்.

பெயர் என்று சொன்னேன் இல்லையா, எல்லாம் அதிலிருந்து வந்தது. சுகந்தி கல்யாணப் பத்திரிகை. தபாலில் வந்தது, சரி, அவன் இரும்பாலை வேலைக்குப் போன பிலாய் தூரம், நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட முடியாது, அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். ரோஸ் கலரில் தங்க எழுத்து. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அதுவும் கஜபதி சொல்லிக் கொடுத்த எழுத்து. அவன் ஐ.டி.ஐ. படிக்கும்போது நான் பில்லில் இருக்கிற பெயரும் விலாசமும் தெரியாமல் கம்பெனியில் திட்டு வாங்குகிறேன் என்று தெரிந்து, பழைய பில்களை வைத்தே ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்தான், தெரு என்ற எழுத்துத்தான் முதலில், அப்புறம் எண். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு பத்திரிகையைப் படித்தேன். மூத்தவன் பெயர் மேலே வர வேண்டும், எங்கள் வீடுகளில் அப்படித்தான், கன்னியப்பன் பட்டம்மாள் நல்லாசியுடன் என்று போட வேண்டும். மேலே இல்லை. கீழே அன்புடன் வரவேற்கும் என்று ஒரு வரிசை, அங்கே இருக்கும் என்று விரலை வைத்துக்கொண்டு இறங்கினேன். ஃபோர்மேன் பெயர் இருந்தது, பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரன் பெயர் இருந்தது, யாரோ ஒரு நாயர் இருந்தார். பின்பக்கம் திருப்பினேன், மண்டபத்துக்கு வழி மட்டும் போட்டிருந்தது. அதே கவரில் எங்கள் இரண்டு பேருக்கும் ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். டிக்கெட் எடுக்கத் தெரிந்தவனுக்குப் பெயர் போடத் தெரியாதா. நான் போகவில்லை. அன்றைக்கு அந்த ரயில் போகிற நேரத்துக்குப் பட்டம்மாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அவன் எத்தனையோ தடவை போன் செய்தான், நான் எடுக்கவில்லை, என் காரணத்தையும் நான் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அது சின்ன விஷயமாகப் போய்விடும். நான் வராததால் அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று சுகந்தி சொல்கிறாள். கல்யாண வீட்டில் யார் சாப்பிடாமல் இருப்பார்கள். ஒருவேளை அச்சடிக்கிறவன் விட்டிருப்பானோ என்று பட்டம்மாள் ஒரு தடவை ஆரம்பித்தாள், அடுத்த வார்த்தை வராதமாதிரி பார்த்தேன். அது நடந்ததுதான், என் பெயர் இல்லாதது நிஜம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நிஜத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த பெஞ்சில் ஏன் திருடன்மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

இரும்புச் சத்தத்தோடு ஒரு கூட்ஸ் போகிறது. கொய்யாப்பழக்காரி காதைப் பொத்திக்கொள்கிறாள். சத்தம் முடிந்ததும் ஒன்று கொடுக்கட்டுமா பெரியவரே, காய்தான், உங்கள் பல்லுக்கு வராது என்று சிரிக்கிறாள். வேண்டாம் என்றேன். வேணா. இந்த வார்த்தை அவனுக்கு மிச்சம் இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தெருவில், என் வீட்டுக்கு நேர் எதிரே, ரோசலின் வீட்டு முன்போர்ஷன் காலி. இதை இப்போதுதான் சொல்கிறேன், எனக்குள்ளேயே இப்போதுதான் சொல்கிறேன். ரோசலின் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். சுகந்தி போன் செய்த மறுநாளே பட்டம்மாள் அவளிடம் சொல்லிவிட்டாள், அவள் வாசலிலேயே என்னை மறித்து, “கூட்டிட்டு வாங்கண்ணே. வாசல்ல சேர் போட்டு உக்கார வெச்சிருங்க, நான் பாத்துக்கறேன். முப்பது வருஷம் வேற இன்னா பண்ணேன்?” என்றாள். வீட்டில் இரண்டே அறை, சுவரில் சுண்ணாம்பு உதிரும், தெருவில் சாக்கடை மூடி ஒன்று உடைந்து கிடக்கிறது, சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் பந்தடித்து யார் வீட்டு பல்பையாவது உடைக்கும். காலையில் ஒரு ஆள் வாசலில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் இருபது பேர் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், அவன் பதில் சொல்லாவிட்டால் தாங்களே சாப்பிட்டிருப்பீங்க என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சுகந்தி கேட்டது அதைத்தான். நான் ரோசலினிடம் அவர்களுக்கு வேறு இடம் முடிவாகிவிட்டது என்றேன். சுகந்தியிடம் எங்கள் பக்கம் எதுவும் காலி இல்லை என்றேன். நேற்று ரோசலின் மறுபடியும் கேட்டாள், நிஜமாகத்தானா அண்ணே, நாளைக்குச் சாயங்காலம் வேறு ஒருவர் பார்க்க வருகிறார், பிடித்தால் கொடுத்துவிடட்டுமா என்று. கொடு என்றேன். அதைச் சொல்லிவிட்டு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், போன் அடிக்கிறது, சுகந்தி. பெரியப்பா, நாளைக்கு வருகிறோம், அப்பாவிடம் சொல்லிவிட்டேன் என்றாள். அப்பா நன்றாக இருந்தபோது ஒன்று சொல்வார் என்று ஆரம்பித்தாள். “ரிட்டயர் ஆனதும் ஊருக்குப் போவேன், எங்க அண்ணன் தண்ணி வாங்கிக் குடிச்ச தெருவுலதான் இருப்பேன்னு சொல்வாரு. பெரியப்பா அந்த மாதிரி தெருவாதான் பாத்திருப்பாருன்னு சொன்னேன். ஆமான்னாரு.”

ஆமான்னாரு. ஒரு செருப்பு கழற்றி ஒரு செருப்பு கழற்றாமல் நின்றேன். ஏன் என்றால் அவனுக்குச் சந்திரா கார்டன் தெரியும். இதைத்தான் நான் சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் போகிறேன். அவனுக்குப் பத்தொன்பது வயது, ஐ.டி.ஐ. லீவு, மே மாதம், எனக்குக் காய்ச்சல் வந்து எழுந்த வாரம், கூட வருகிறேன் என்று அவனே வந்தான். அப்போது சந்திரா கார்டனில் மொத்தமே பத்து வீடுதான், மீதி காலி மனை. பதினாலாம் நம்பருக்கு இரண்டு சிலிண்டர். ஒன்று நான், ஒன்று அவன், சந்து வழியாகப் பின்பக்கம் கொண்டுபோய் இறக்கினோம், டியூபை மாட்டி கேஸ் கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், பார்த்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அந்த அம்மாள் வலைக்கதவைத் திறக்காமலே கையைக் காட்டினாள், கேட்டுப் பக்கத்தில் கார் கழுவுகிற குழாய். நான் போய்க் குனிந்து குடித்தேன். வெயிலில் கிடந்த தண்ணீர், கொதித்தது. கஜபதி குடிக்கவில்லை. வழியில் நீ எதுக்குண்ணே குடிச்சே என்று கேட்டான். தாகம் என்றேன். அவனுக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும், கிணற்றுத் தெரு வரைக்கும் அப்படியே வந்தான், அங்கே முதல் வீட்டில் கேட்காமலே பித்தளைச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார்கள், அண்ணாந்து மூன்று சொம்பு குடித்தான், சட்டையெல்லாம் நனைந்தது. எனக்காகத்தான் அந்தக் குழாயில் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நாற்பத்தைந்து வருஷமாகத் தெரியும். பதினாறாம் நம்பர் அந்த வீட்டுக்குப் பக்கத்து வீடு. தெரியாமல் பார்த்துவிட்டேன் என்று ஒரு வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஆட்டோவில் ஏறியதும் கிணற்றுத் தெரு என்று சொல்லிவிட்டால் போதும், சுகந்தி கேட்டால் அந்த வீடு கைவிட்டுப் போய்விட்டது என்று சொல்லலாம், ரோசலின் வீட்டுக்குச் சாயங்காலம்தானே ஆள் வருகிறது. கிணற்றுத் தெரு. கிணற்றுத் தெரு. இரண்டே வார்த்தை. வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன், கொய்யாப்பழக்காரி திரும்பிப் பார்க்கிறாள். ஆனால் அந்த ரோஸ் கலர் பத்திரிகை இருக்கிறதே, தங்க எழுத்து, நாயர். தவறு செய்தவன் அவன், கடைசியில் விட்டுக்கொடுக்கிறவன் நானா.

வண்டி வந்துவிட்டது. எந்தப் பெட்டி என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அவனைத் தேடுகிறேன், ஆனால் அறுபதை எட்டாத, மீசையைக் கத்தரித்து விட்டிருக்கிற ஒருவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு பெண் ஒரு கிழவனைப் பிடித்து இறக்குகிறாள். கிழவனின் வலது கால் கடைசியாக இறங்குகிறது. சட்டைப் பொத்தான் எல்லாம் கழுத்து வரை போட்டிருக்கிறது, நல்ல வெள்ளைச் சட்டை, துணிப்பெட்டியில் வைத்த மடிப்புகூடக் கலையவில்லை, இதற்காகவே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பெரியப்பா என்று சுகந்தி காலைத் தொடக் குனிகிறாள், நான் போதும் போதும் என்கிறேன். கஜபதி என்னைப் பார்க்கிறான். முகத்தில் பாதி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது, மறுபாதி சும்மா இருக்கிறது. இடது கையை நீட்டி என் வலது தோளில் வைத்தான், காய்த்துப்போன அந்த இடத்தில் சரியாக வைத்து, இரண்டு தட்டுத் தட்டினான். ஸ்பேனரால் நான் தட்டுகிறமாதிரியே. வெயில் ஆரம்பித்துவிட்டது, ஆட்டோ அந்தப் பக்கம் என்றேன். நடந்தோம். அவனுக்காக மெல்ல நடந்தோம், நான் கிணற்றுத் தெரு கிணற்றுத் தெரு என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். ஆட்டோக்காரர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். சந்திரா கார்டன் என்று சொன்னது நான்தான். வேறு யார் வாயும் இல்லை. ஒரு வாரமாகப் பழக்கிய வாய், பதினாலு வருஷமாகப் பழக்கிய வாய், கேட்டவுடனே சொல்லிவிட்டது, சொன்ன பிறகு மூடிக்கொண்டும் விட்டது.

அவன் நடுவில், நானும் சுகந்தியும் இரண்டு பக்கம். பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் அவனுடைய செத்த கை வந்து என் தொடையில் விழுகிறது, அவனால் எடுத்துக்கொள்ள முடியாது, நானும் எடுத்து வைக்கவில்லை. சுகந்தி பேசிக்கொண்டே வருகிறாள், இங்கே மாவு மில் இருக்கிறது, அங்கே டெய்லர் இருக்கிறார், நல்ல ஊராக இருக்கிறது பெரியப்பா என்கிறாள். அப்புறம் கடைகள் நின்றன. ரோடு அகலமானது. மரங்கள் வந்தன. ஆட்டோ சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி நமக்கே கேட்டது. “எவ்ளோ அமைதி” என்றாள் சுகந்தி. ஆட்டோ பதினாலைத் தாண்டும்போது வேகம் குறைந்தது. அந்த கேட் இப்போது ஸ்டீல் கேட், வீடு இடித்துக் கட்டிய வீடு, ஆனால் குழாய் அதே மூலையில் இருக்கிறது, பிளாஸ்டிக் குழாய், அதில் ஒரு பச்சை ரப்பர் டியூப் மாட்டிக் கிடக்கிறது. கஜபதி குனிந்து அதைப் பார்த்தான். நிமிர்ந்து மரத்தைப் பார்த்தான், திரும்பவும் குழாயைப் பார்த்தான். அப்புறம் என் பக்கம் திரும்பினான். இப்போது முகத்தின் இரண்டு பாதியும் ஒரே மாதிரி இருந்தது. “வேணா” என்றான். சுகந்தி இன்னாப்பா, தண்ணியா என்று பாட்டிலைத் திறந்தாள், அவன் அவளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு மறுபடி சொன்னான், சத்தமில்லாமல், எனக்கு மட்டும், வேணா. நான் ஆட்டோக்காரரின் தோளைத் தட்டினேன். “திருப்புப்பா, கெணத்துத் தெருவுக்குப் போ” என்றேன். வீடு இதுதானே பெரியப்பா, என்ன ஆச்சு என்றாள் சுகந்தி. கைவிட்டுப் போய்விட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “இங்க யாரும் தண்ணி குடுக்க மாட்டாங்கம்மா. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பாத்தேன்.” அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. அவனுக்குப் புரிந்தது. ஆட்டோ திரும்பி, மரங்கள் போய், கடைகள் வந்து, எங்கள் தெரு முனையில் உடைந்த சாக்கடை மூடியைச் சுற்றிக்கொண்டு போகிற வரைக்கும் அவன் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தூரத்தில் ரோசலின் வாசல் தெரிந்தது, ‘வாடகைக்கு’ அட்டை இன்னும் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. நாளைக்கோ அடுத்த வாரமோ அங்கே ஒரு சேர் போடுவார்கள், அவன் உட்காருவான், எதிரே என் வாசல். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரிடமும் அரை முகத்தால் சிரிப்பான். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும்போது சிரிக்கமாட்டான், பார்ப்பான். பதினாலு வருஷம் நான் வைத்திருந்த கோபம் இனிமேல் அவனிடம் இருக்கும், என்னிடம் இருந்ததைவிட நியாயமாக இருக்கும். பார்க்கட்டும். பட்டம்மாள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள், கையில் முறம் இல்லை.